பதினோரு மஞ்சள் குறிகள்

பழைய லேப்டாப்பில் சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால், அதன் பிறகு எதை முதலில் போட வேண்டும், எதை அடுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. நிறையப் பேருக்கு அது தெரியாது. கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று லேப்டாப்பைத் திட்டுவார்கள். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அந்த லேப்டாப்பின் பதிவில் வெள்ளிக்கிழமைக்குக் கீழே புதன்கிழமை எப்படி வந்தது என்பது ஒன்று. காரிடார் கதவைச் சாத்தியது யார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், பக்கத்தில் எழுதுகிறவருக்கும் சிரமம் இருக்காது.

அண்ணனும் அண்ணியும் நடத்துகிற முதியோர் இல்லத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கீழ்த்தளத்தில் ஒரு காரிடார், அதன் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு அறைகள். காரிடார் தொடங்கும் இடத்தில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் டியூட்டி மேசை. மேசைமேல் அந்த லேப்டாப். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் லேப்டாப்பில் மணி அடிக்கும், திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் அறை எண் தெரியும். மாடியில் அண்ணன் குடும்பம். மொட்டை மாடிக்குப் போகும் படிக்குப் பக்கத்து அறையில் நான். வயது நாற்பத்தொன்று. வேலை பார்த்த கடையை மூடிவிட்டதால் நான்கு வருடமாக வேலை இல்லாமல் வீட்டோடுதான் இருக்கிறேன்.

வீட்டில் எனக்கு 'முக்கால்' என்று பெயர். மாடிப்படிக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்து முக்கால்வாசியில் நிறுத்தினேன். மீதி இன்றைக்கும் பழைய நிறத்தில்தான் இருக்கிறது. அண்ணி சமையலறையில் மாட்டச் சொன்ன அலமாரிக்கு நான்கு ஸ்க்ரூவில் மூன்றுதான் போட்டேன். அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர் இது. அவர் பிள்ளைகள்கூட 'முக்கால் சித்தப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். பதினைந்து வருடம் ஒரே ஜோக்குக்குச் சிரித்திருக்கிறீர்களா, மேடம்? கன்னம் வலிக்கும்.

போன மாதம் அந்த லேப்டாப் உயிரை வாங்க ஆரம்பித்தது. ஆன் செய்தால் திரை வர பதினோரு நிமிடம். வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அண்ணன், "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாம்டா" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்றேன்.

"சரி, போடு. ஆனா முக்கால்ல விட்டுடாத" என்றார்.

சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். முதல் வேலையாக, உள்ளே தேதியையும் நேரத்தையும் நினைவு வைத்திருக்கும் பட்டன் செல்லை மாற்றினேன். பழைய செல் செத்துப்போனால் கடிகாரம் கண்டபடி ஓடும். யாரும் கேட்கவில்லை, நானாகவே மாற்றினேன். எந்தத் தேதியில் மாற்றினேன் என்று ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டினேன். அந்தச் சீட்டைத்தான் நேற்று உங்கள் கம்ப்யூட்டர் ஆள் என்னிடம் காட்டினார். செல் புதிது என்று நானே எழுதி வைத்திருக்கும்போது, கடிகாரம் தப்பாக ஓடியது என்று நான் எப்படிச் சொல்வது? வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பலன் அது.

சிஸ்டம் ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. தலைவலி அதற்குப் பிறகுதான். ஒரு லேப்டாப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பீக்கர் இருந்தும் ஊமை, கேமரா இருந்தும் குருடு. எதற்கெல்லாம் டிரைவர் இல்லையோ, அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலில் மஞ்சள் குறி விழும். நான் அந்தப் பட்டியலைத் திறந்தபோது பதினோரு மஞ்சள் குறிகள் இருந்தன.

முதலில் இன்டர்நெட் இல்லை, வைஃபைக்கு டிரைவர் இல்லாததால். அந்த டிரைவரை எடுக்க இன்டர்நெட் வேண்டும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணன் மகளின் லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அது தப்பான டிரைவர். மறுபடி மாடி ஏறினேன். மூன்றாம் முறை கொடுக்கும்போது, "சித்தப்பா, இன்னிக்கு எனக்குப் பரீட்சைக்குப் படிக்கணும்" என்று முகத்தைச் சுளித்தாள்.

தயாரித்த கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போனால், இந்த மாடலுக்கு இப்போது எதுவும் தருவதில்லை என்று ஒரு வரி. சரி, வேறு இடத்தில் தேடலாம் என்றால், அதே மாடல் பெயரில் எட்டு வகை விற்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு சில்லு. எது என்னுடையது என்று கம்பெனிக்காரன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்திருக்கும். பன்னிரண்டு வருடச் சூட்டில் அதன் எழுத்து அழிந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது. திங்கட்கிழமை ஏழு. அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பார்.

"எத்தனை இருக்கு?"

"ஏழு."

"காலைலயும் ஏழுதானடா?"

நான் சொன்னேன் அல்லவா, ஒரு வரிசை இருக்கிறது என்று. போர்டுக்கு உரியதை முதலில் போட வேண்டும். போட்டேன். ரீஸ்டார்ட். திரைக்கு உரியது. ரீஸ்டார்ட். மவுஸ் பட்டைக்கு உரியது. ரீஸ்டார்ட். நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டால், சிஸ்டம் தன்பாட்டுக்கு அப்டேட் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். மறுபடி மஞ்சள். எனக்குத் தெரிந்து வேறெந்தப் பொருளும் மனிதனை இந்த அளவுக்கு அவமானப்படுத்தாது.

அந்த நாட்களில் மணி இல்லாததால், பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா அரை மணிக்கு ஒரு தடவை ஆறு அறையையும் சுற்றி வந்தார். அவரை எல்லோரும் 'ரயில்' என்றுதான் கூப்பிடுவோம். நின்று பேசவே மாட்டார், போய்க்கொண்டே பேசுவார். "தம்பி, உங்க பொட்டி உசுரோட வர்றதுக்குள்ள என் காலு தேஞ்சிடும்" என்று போகிற போக்கில் சொல்வார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலையில் ஒரே ஒரு மஞ்சள் மிச்சம். சவுண்டு. ஐந்து டிரைவர் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இது உன் மெஷினுக்கு இல்லை என்றது. ஒன்று பாதியில் உறைந்தது. ஒன்று ஏறியது, ஆனால் மணி அடித்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம். அடுத்த ரீஸ்டார்ட்டில் அதுவும் போயிற்று.

அன்றைக்கு மதியம் அண்ணியின் தம்பி சாப்பிட வருவதாக இருந்தது. பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். போனிலேயே, "அஞ்சு நாளா? நான் வந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவேன் மாமா" என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் அதை என்னிடம் அப்படியே வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு உறுப்பை டிரைவர் போடாமலே பட்டியலில் அமைதியாக்க ஒரு வழி இருக்கிறது. அதை முடக்கிவிட்டால் போதும். மஞ்சள் மறைந்து, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒரு கீழ்நோக்கிய அம்பு வரும். பன்னிரண்டரை மணிக்குச் சவுண்டை முடக்கினேன். தற்காலிகமாகத்தான்.

அண்ணியின் தம்பி சாப்பிட்ட தட்டோடு நின்றபடி பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "பரவாயில்லையே" என்றான். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "முக்கால் முழுசாயிடுச்சுடா" என்று வீடே கேட்கிற மாதிரி சொன்னார். பட்டியலைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். அண்ணி கைதட்டுகிற பொம்மை ஒன்று அனுப்பியிருந்தாள். நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

"மணி அடிக்குதில்ல?" என்று அண்ணன் கேட்டார்.

"அடிக்குது" என்றேன்.

ஒரு வார்த்தைதான். அதைப் பின்னால் உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், சத்தம் வராதே தவிர, சிவப்புக் கட்டம் திரையில் வரத்தான் செய்யும். மேசையில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு ஆபத்தும் இல்லை. அதனால் புதன் மதியத்திலிருந்து பகல் முழுக்க நானே மேசையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அண்ணி வந்து உட்கார்ந்துகொள்வாள். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லக் கூடாது.

நான்காம் அறையில் இருந்தவர் சர்வேயர் ஐயா. நாற்பது வருடம் நிலம் அளந்தவர். கட்டிலில் படுத்துக்கொண்டே அறையை அளந்துகொண்டிருப்பார். திரைச்சீலை ஒரு விரல் இடது பக்கம் ஏறியிருக்கிறது என்று சொல்லப் பட்டனை அழுத்துவார். தண்ணீர் ஜக் நேற்று இருந்த இடத்தில் இல்லை என்று சொல்ல அழுத்துவார். இதயம் பலவீனம். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அவருக்கென்று டியூட்டி மேசையின் முதல் டிராயரில் இருக்கும். அவர் கையில் கொடுத்தால் எண்ணிக்கை தவறும் என்று டாக்டர் அங்கே வைக்கச் சொல்லியிருந்தார். உட்கார்ந்தால் என் முழங்காலுக்கு நேராக இருக்கும் டிராயர்.

வியாழக்கிழமை அவர் அறைக்குப் போனபோது சொன்னார். "தம்பி, நான் பட்டனை ரெண்டு தரம் அழுத்தினேன். ஒம்போது நிமிஷம் ஆச்சு, யாரும் வரலை. அப்புறம் ரயிலம்மா தானா வந்துச்சு."

நான் அப்போது டீ போட எழுந்து போயிருப்பேன் போலிருக்கிறது. "இப்ப சரி பண்ணிட்டேங்க ஐயா. தைரியமா அழுத்துங்க" என்றேன்.

"நல்லது. பழைய மெஷினைக் கைவிடாம பார்த்துக்கிறீங்க. இந்தக் காலத்துல யாருக்கு அந்தப் பொறுமை இருக்கு" என்றார். அந்த வீட்டில் என் வேலையைப் பற்றி மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

ரயிலும் அன்றைக்குக் கேட்டார். "மணிச் சத்தமே காணோமே தம்பி?" யாரும் அழுத்தவில்லை, அதனால்தான் என்றேன். நம்பினார். நம்பியும் அரை மணிக்கு ஒரு தடவை சுற்றுவதை அவர் நிறுத்தவில்லை. பழக்கம்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி இருபதுக்கு என் டிரைவர் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருடத்துக்கு முன் தன் சொந்தப் பக்கத்தில் ஏற்றி வைத்திருந்தான். சரியாக என் வகை, என் சில்லு. ஆறு நாள் தேடியது. ஒன்றரைக்கு அது இறங்கி முடிந்தது.

அப்போது ரயில் வந்தார். "ஆறாம் ரூம் அம்மாவுக்கு ஊட்டியாச்சு. நான் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்துடட்டுமா?"

"நிதானமா சாப்பிடுங்க. நான்தான் இருக்கேனே" என்றேன்.

காரிடார் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அந்த வாரத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

டிரைவரைப் போட ஆரம்பித்தேன். முடியும்வரை வேறு எதையும் தொட வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தது. பச்சைக் கோடு முப்பதில் இருந்தபோது, ஒன்று முப்பத்தாறுக்கு, சிவப்புக் கட்டம் வந்தது. நான்கு. என் வேலையை மறைத்துக்கொண்டு நடுத்திரையில் வந்து நின்றது. திரைச்சீலையாக இருக்கும் என்று நினைத்துக் கீழே தள்ளினேன். ஒன்று முப்பத்தெட்டுக்கு மறுபடி நான்கு. தள்ளினேன். ஒன்று முப்பத்தொன்பதுக்கு வந்தது போகவே இல்லை. பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் அப்படி நிற்கும். அதை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

நான் அதைப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். மூன்று முறையும் பார்த்தேன். ஆனால் பாருங்கள், அந்த மணியைச் சரிசெய்கிற வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு எழுந்தால் மறுபடி முக்கால்தான்.

ஒன்று நாற்பத்தொன்றுக்கு முடிந்தது. ரீஸ்டார்ட். புது சிஸ்டம் என்பதால் ஒரே நிமிடம். திரை வந்ததும் லேப்டாப்பிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. கடுகு வெடிக்கவில்லை, கரகரக்கவில்லை, சுத்தமான சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆறு நாளை அனுபவித்தவனுக்குத்தான் அது புரியும்.

அதே நேரத்தில் ரயில் கை ஈரத்தோடு வந்தார். காரிடார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவர் "ஐயா, ஐயா" என்று கூப்பிடுவது கேட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஓடி வந்தார், டாக்டருக்குப் போன் போனது, அண்ணி அழுதாள். எல்லோரும் நான்காம் அறையில் இருந்தார்கள். நான் மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். வேலை புதன்கிழமையே முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், போட்டோவே இருக்கிறது. ஆனால் டிரைவர் வெள்ளிக்கிழமை என்று காட்டினால் குழப்பம் வரும். எதற்கு வீண் குழப்பம் என்று அதை எடுத்துவிட்டு, லேப்டாப்பின் தேதியைப் புதன்கிழமைக்குப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி போட்டேன். பிறகு தேதியைச் சரியாக்கினேன். எதை எப்போது போட்டோம் என்று லேப்டாப் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் ஆள் காட்டித்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குக் கீழே புதன்கிழமை வந்தது இப்படித்தான். முதல் கேள்விக்குப் பதில் அது.

டாக்டர் வந்து, பத்து நிமிடம் முன்னால் மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றார். ரயில், "மணி அடிக்கவே இல்லைங்க. இந்த வாரம் முழுக்க அடிக்கலைங்க" என்றார். அண்ணன் நேராகப் போய் நான்காம் அறைப் பட்டனை அழுத்தினார். மணி கணீரென்று அடித்தது. அந்த அறையில், சர்வேயர் ஐயாவின் காலடியில் நின்று எல்லோரும் கேட்டோம்.

"இப்ப அடிக்குதே" என்றார் அண்ணன்.

ரயில் என்னைப் பார்த்தார். "தம்பிதான் மேசைல இருந்தாரு" என்றார். நான் மாடியில் என் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். மணியின் பதிவை எடுத்துப் பார்த்தோம். நான்காம் அறை, மூன்று அழைப்பு, யாரும் போகவில்லை. டியூட்டி அவருடையது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மனசைத் தளர விடாதீங்க" என்றேன். வாங்கிக் குடித்தார்.

அவர்மேல் வழக்கு என்றும், இனி எங்கேயும் நோயாளிக்குப் பக்கத்தில் அவரை விடமாட்டார்கள் என்றும் அண்ணி சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருபது வருடம் செய்த வேலை. இப்போது அவரை விட்டுவிடுங்கள். அவர் சொன்ன எல்லாமே உண்மை. கதவைத் தான் சாத்தவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் உண்மைதான்.

அது நான்தான் சாத்தினேன். மூன்றாவது முறை சிவப்புக் கட்டத்தை நகர்த்தி வைத்த பிறகு, சர்வேயர் ஐயா கட்டில் கம்பியில் டம்ளரால் தட்ட ஆரம்பித்தார். டங். டங். ஒரே இடைவெளியில், அளந்து வைத்ததுபோல. பச்சைக் கோடு தொண்ணூற்றாறில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. ஆறு நாள் எரிச்சல், மேடம். அந்தச் சத்தத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஏழு எட்டு அடி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு கொஞ்சம்தான் கேட்டது. தொண்ணூற்றெட்டு வந்தபோது தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

இவ்வளவுதான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள். இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணன் படிக்க வேண்டும். நான் மனசாட்சி இல்லாதவன் இல்லை. மணி மட்டும் அடித்திருந்தால், நான் கட்டாயம் எழுந்து போயிருப்பேன்.